கப்பலின் நிழல் அவருடையது

எங்கள் தீவில் மரைன் ஹில் முதல் சாத்தம் வரை என்னை அறிந்த அனைவர் முன்னிலையிலும் சத்தியம் செய்கிறேன்: இப்போது சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டீர்கள். சந்தனராஜ் அண்ணாச்சி காலமாகிவிட்டார். வடகோடித் திக்லிபூரிலிருந்து அவர் மகள் எழுதிய கடிதம் கப்பலேறி என் கைக்கு வந்தபோது, அடக்கம் முடிந்து ஆறு நாளாகியிருந்தது.

படகுப் பட்டறையில் எங்களோடு பெயின்ட் அடித்தவர்களுக்கு அவரைத் தெரியும். மூங்கில் குச்சியை ஊன்றி, அதன்மேல் கையைத் தாங்கி, படகுகளுக்குப் பெயர் எழுதுவார். ஒருமுறை ஒரு படகின் பக்கவாட்டில் சூரைமீன் போட்டார். அதைக் கொத்த வந்த பதினேழு பருந்துகள் மூக்குடைந்து ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்றன. அவர் மஞ்சள் குழைத்து முடிக்கும்வரை சூரியன் அரைமணி நேரம் மறையாமல் காத்திருந்ததும் உண்டு.

வேலை நேரம் போக, மரமில்லில் கழித்த பலகையொன்றில் தமக்கென்று ஒரு படம் வரைந்துவந்தார். மெயின்லேண்ட் கப்பலுக்காகத் துறையில் காத்து நிற்கும் கூட்டம். படத்தில் கப்பல் கிடையாது. அதன் நிழல் மட்டும் ஜனங்களின் முகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

"கப்பல எல்லாவனும் போடுவான் வே. அது வந்தா மூஞ்சி என்னாவுதுன்னு எவன் பாத்தான்?" என்பார். அந்த நிழலுக்குச் சரியான நீலம் தேடியே நாலு மாதம் போயிற்று.

அவர் வரைந்துகொண்டிருப்பதை நான் ஒரு படமாக வரைந்தேன். அவர் முதுகு, குச்சி, கை, எதிரே அந்தப் பலகை. பலகையில் பாதிதான் முடிந்திருந்தது. என் படத்தில் மீதியையும் நானே முடித்துவிட்டேன். எட்டிப் பார்த்தவர் சிரித்தார்.

"கையா வே இது? பிசைஞ்ச மாவு. கொண்டாரும் பிரஷ்ஷ." நாலே இழுப்பில் தம் கையைத் தாமே போட்டுக் கொடுத்தார். "எங்க மாட்டப் போறீரு?"

"எங்க வீட்டுச் சுவத்துலதான் அண்ணாச்சி."

அனுப்பியதோ நகரக் கண்காட்சிக்கு. முதல் பரிசு கிடைத்தது. அது தெரியாமல் அண்ணாச்சியும் தம் பலகையை முடித்துத் தூக்கிக்கொண்டு அதே மண்டபத்துக்கு வந்தார். மாலையும் கழுத்துமாக நான் நிற்க, பரிசு கொடுத்த அதிகாரி இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அரே, யே தோ நகல் ஹை! இவர் படத்தைப் பார்த்துத்தானே போட்டாய்?" என்று எல்லோர் முன்பும் அண்ணாச்சியைக் கேட்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வாயாலேயே தீவைத் தூக்கி இடம் மாற்றி வைக்கிறவன் நான். அன்று கையிலிருந்த டீ கிளாஸின் அடியில் கிடந்த தூளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆமா சார், பாத்துத்தான் போட்டேன்" என்றார். படம் தெரியாதபடி பலகையை நெஞ்சோடு திருப்பிப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் பட்டறையில் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

"விடும் வே. மாலை உமக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

அதன்பின் படகுப் பெயர்களைத் தவிர அவர் எதுவும் வரையவில்லை. மாற்றல் கேட்டுத் திக்லிபூர் போனார். வழியனுப்ப நான் துறைக்குப் போகவில்லை. கப்பலின் நிழல் என் முகத்திலும் ஏறும். அதை அவர் பார்ப்பார்.

அவரிடம் சொன்னபடியே அந்தப் படம் இன்று என் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. அதில் நான் வைத்துக்கொள்ளத் தகுந்தது அவர் போட்ட அந்தக் கை ஒன்றுதான்.

வழக்கம்போல மாமா அளக்கிறார் என்று என்னைச் சொல்வீர்கள். சரி, பருந்து பொய். சூரியன் பொய். 'பாத்துத்தான் போட்டேன்' என்று அவர் சொன்னதும், கேட்டுக்கொண்டு நான் நின்றதும் மட்டும் நிஜம்.