கிணற்றுக்குள் இறங்கிய பெண்ணின் புதுக்கதை

என் தங்கையும் நானும் கொச்சி மட்டாஞ்சேரியில் மலையாளப் பள்ளியில் படித்தோம். வீட்டில் மட்டும் தமிழ், அதிலும் மலையாளம் கலந்திருக்கும். பள்ளி நூலகத்தில் கிடைத்த சிறுவர் கதைகளில் ஒன்றை அவள் கடைசிவரை விடவில்லை. பல நாட்டுப் பிள்ளைகளும் படித்து வளர்ந்த பழைய கதை அது. அம்மாவைப் பறிகொடுத்த ஒரு சிறுமி கையில் விளக்கோடு பாழுங்கிணற்றுக்குள் இறங்குவாள். அடியில் செத்தவர்களின் ஊர். ஊமைப் படகுக்காரக் கிழவர் ஒருவர் அவளை அம்மாவிடம் கொண்டுபோய் விடுவார். அம்மா அவளை மடியில் உட்கார்த்தித் தலைவாரிப் பின்னிவிடுவாள். தான் மேலே வர முடியாது, மகள் கீழே இருக்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பிவிடுவாள். சிறுமி தனியாக ஏறி வருவாள். அவ்வளவுதான் கதை.

தங்கை தன் மகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் இதைத்தான் சொன்னாள். சின்னப் பிள்ளையிடம் போய் எதற்கு இந்தச் சாவுக்கதை என்று நான் கடிந்திருக்கிறேன். "அவதான் கேக்கறா அக்கா, நான் என்ன செய்ய" என்பாள்.

மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம் தங்கைக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குள் ஈரல்வரை பரவியிருந்தது. எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரி. அவள் கணவருக்கு ஏலூர் ஆலையில் ஒப்பந்த வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். சுற்றுலாக்காரர்களுக்கு மிளகும் ஏலக்காயும் விற்கிற கடையில் எனக்கு வேலை. முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பாதி நாட்கள் நான்தான் தங்கைகூட இருந்தேன். எனக்கென்று குடும்பம் கிடையாது.

ஒரு சாயங்காலம் மகள் பள்ளிச் சீருடையோடு வார்டுக்கு வந்து போனை நீட்டினாள். அந்தப் பழைய கதையை யாரோ இளைஞர்களுக்கான ஆங்கில நாவலாக, மாயமும் மந்திரமும் சேர்த்துப் புதிதாக எழுதுகிறார்களாம். அட்டைப்படம் வெளியாகியிருந்தது. தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாத தங்கை போனை முகத்தருகே வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"வரட்டும். நாம சேர்ந்து வாயிக்கலாம்" என்றாள். வாசிப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

நோய் மருந்துக்குக் கேட்கவில்லை. இன்னொரு மருந்து இருக்கிறது, ஒருமுறை முயன்று பார்க்கலாம், ஆனால் பெரிதாக நம்ப வேண்டாம் என்றார் டாக்டர். அப்போது அவளால் ஒரு மடக்குத் தண்ணீரை வயிற்றில் நிறுத்த முடியவில்லை. கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. "மதி டாக்டர். இனி வேண்டாம்" என்றாள் மலையாளத்தில், கடைக்காரனிடம் போதும் என்று சொல்கிற குரலில். அவள் கணவர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். நான் அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மருந்து பலிக்கவில்லை என்று மட்டும் மகளிடம் சொன்னோம். மழைக்காலம் தொடங்குமுன் தங்கை போய்விட்டாள்.

புத்தகம் அதற்குப் பிறகுதான் வந்தது. எர்ணாகுளத்துக் கடையில் வாங்கி, மழைக்குப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுவந்தேன். நல்ல கனம். அட்டையில் தங்க எழுத்து, வாளோடு நிற்கும் ஒரு பெண். மகளிடம் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

அவள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் அதைக் கடைக்கு எடுத்துப்போய், ஆள் வராத மதியங்களில் நானும் படித்தேன். சிறுமி பருவப்பெண்ணாகியிருந்தாள். விளக்கு போய் வாள் வந்திருந்தது. ஊமைக் கிழவர் இருந்த படகில் சாம்பல்நிறக் கண்களோடு ஒரு வாலிபன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் போட்டியாகப் பாதாளத்து இளவரசன் வேறு. அவள் யாரைப் பார்த்தாள், யார் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள் என்று பக்கம் பக்கமாக ஓடியது. பாதிப் புத்தகம் போயும் அம்மாவைப் பற்றிய பேச்சே இல்லை. பள்ளியில் ஒரே மதியத்தில் படித்துவிட்டு நானும் தங்கையும் மணியடித்தும் பெஞ்சைவிட்டு எழாமல் இருந்த கதை இதுதானா என்று சலித்துப்போய் மூடிவைத்தேன். முடிவுவரை போகவில்லை. போயிருந்தால் புத்தகத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுச் சமையலறையில் நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் வந்து நின்றாள்.

"பெரியம்மா, இதுல அம்மாதான் வில்லி."

"எதுல?"

"அந்த புக்குல. அம்மா சரிக்கும் சாகவே இல்ல. செத்த மாதிரி காட்டிட்டு, கீழ ராணியாகப் போயிட்டா. மகள வேணும்னுட்டே விட்டுட்டுப் போனவ. கடைசில மகளே அவளக் குத்திக் கொல்லுவா."

கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டேன். "கேடுகெட்ட புக்கு. தூக்கிப் போடு" என்றேன்.

"கேடுகெட்டதுன்னு எனக்கும் தெரியும். அந்தப் படகுக்காரன் பேசறதெல்லாம் சிரிப்பா வருது." சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஆனா அம்மா வேணும்னுட்டே போனாள்னு இருக்கே, அது மட்டும் மனசுல நிக்குது. நம்ம அம்மாவும் மதின்னு சொன்னாங்கல்லே? நான் வெளியில கதவுகிட்டதான் நின்னேன்."

அவள் அங்கே நின்றது எனக்குத் தெரியாது. இத்தனை நாள் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு எங்களோடு சாப்பிட்டு, பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள்.

"உன்னை வேண்டாம்னு சொல்லலடா. வலி வேண்டாம்னுதான் சொன்னா. அவளால தாங்க முடியல."

"வலி வேண்டாம்னா என்னையும் விட்டுட்டுப் போகணும்னு அம்மாக்குத் தெரியுமல்லோ" என்றாள். அழவில்லை. பரீட்சையில் மார்க் குறைந்ததை விசாரிக்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

பழைய கதையின் அம்மாவைச் சொல்லிப் பார்த்தேன். அவளும் மகளைத் தனியாகத்தானே அனுப்பினாள், ஆசையில்லாமலா என்றேன்.

"அதுல கீழ போறதுக்கு ஒரு வழி இருந்துச்சு பெரியம்மா."

அப்போதுதான் அவளுடைய அப்பா வாசல்படியில் நிற்பதைக் கவனித்தேன். ஷிப்ட் முடிந்து வந்தவர், எவ்வளவு நேரமாக நின்றாரோ. செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"நான்தான் அவளை அப்படிச் சொல்ல வச்சேன்" என்றார். "அம்மா இன்னொரு மருந்து எடுக்கறேன்னுதான் சொன்னா. நான் சம்மதிக்கல. ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு எனக்கு மடுத்து, சலிச்சுப்போச்சு. மதின்னு டாக்டர்கிட்ட சொல்லுன்னு நான்தான் சொன்னேன்."

மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்பா சொல்றது உள்ளதா பெரியம்மா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் முகம் சொல்ல விடவில்லை. நான் மீன் சட்டியைப் பார்த்தேன். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் அப்பாவோடு பேசுவதில்லை. கொஞ்ச நாளில் துணிமணிகளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மாவின் படத்தைத் தன் மேசைமேல் வைத்திருக்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் அதைத் துடைக்கிறாள். அந்த நாவலுக்கு இரண்டாம் பாகம் வருகிறதாம். வாங்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். இப்போது பாடப்புத்தகம் தவிர எதையும் படிப்பதில்லை.

ஞாயிறுதோறும் அவர் வருகிறார். கையில் பழமோ பலகாரமோ இருக்கும். அவர் குரல் கேட்டதும் அவள் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். அவர் ஒரு சாயா குடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னிடம் விசாரித்துவிட்டு எழுந்துவிடுவார்.

போன வாரம் பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். "உண்மையைச் சொல்லிடலாம். எத்தனை காலம் இப்படி?" என்றேன்.

"வேண்டாம் அக்கா. அவளுக்கு யாரையாவது வெறுத்தாகணும். செத்தவள வெறுத்தா பிள்ளை உருப்படாது. நான் இருக்கேனில்ல."

"நாளைக்கு அவளுக்கே தெரிஞ்சா?"

"தெரியும்போது பார்க்கலாம்."

எர்ணாகுளம் பஸ் வந்தது. அங்கே மாறி, ஏலூரில் அன்றைய ஷிப்டுக்கு நேரத்தோடு சேர வேண்டும். ஏறி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். நான் வீட்டுக்கு நடந்தேன். அவர் கொண்டுவந்த பழங்கள் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தன. உள்ளே அவள் சத்தம் போட்டு வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள்.