மூன்றாவது முக்குளிப்பு

டப்பா அண்ணனை நான் முதலில் பார்த்தபோது, படகில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு ரப்பர் வளையத்தை விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தார். கடலடியில் இறங்கிப் படமெடுப்பது அவர் தொழில். உள்ளங்கை அளவுக் கேமரா, அதைப் பூட்டி வைக்கும் பிளாஸ்டிக் டப்பா, அதன் வாயை அடைக்கும் வளையம்.

"ஒத்த முடி ஒட்டியிருந்தாலும் தண்ணி புகுந்துடும் தம்பி. கேமராவுக்குச் சங்குதான்."

"அண்ணியக்கூட இவ்வளவு பதமாத் தொட்டிருக்க மாட்டாரு சார்" என்றார் படகோட்டி.

"அவளுக்கு என்னடா, தண்ணியா புகப்போகுது?"

மூழ்கிக் கிடந்த சரக்குக் கப்பலின் இன்ஜினில் பதித்த எண், படமாக வேண்டும். அதற்காகக் காப்பீட்டு அலுவலகம் என்னை அனுப்பியிருந்தது. எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்; அந்த மிதப்பு நடையிலேயே தெரிந்திருக்கும்.

அண்ணன் இரண்டு முறை இறங்கி எடுத்து வந்தார். உச்சி வெயிலில், தீப்பெட்டி அளவுத் திரையில் பார்த்தேன். படமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள்.

"என்னண்ணே, மாவு கொட்டின மாதிரி இருக்கு? நம்பரே தெரியல."

"கப்பலுக்குள்ள கால் பட்டாலே சேறு கிளம்பிடும். அந்தத் தூசியில ப்ளாஷ் பட்டு வெள்ளையா அடிக்குது. நாளைக்குத் தெளிஞ்சிடும், காலைல எடுத்துத் தரேன். இன்னிக்கு ரெண்டு தடவை ஆழம் போயாச்சு. உடம்பு தாங்காது."

"இன்னிக்கே அனுப்பணும்ணே."

யாரும் அன்றே கேட்கவில்லை. ஒரே நாளில் முடிப்பதாக மேலாளரிடம் நானாகப் பீற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். "படிச்ச புள்ள சொல்றே, காரணம் இருக்கும்" என்று முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மேலே வந்து கேமராவை என் கையில் கொடுத்தார். எழுந்திருக்கப் பார்த்தார். இடது கால் வரவில்லை. ரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்துவிட்டது என்றார்கள். நான்கு நாள் மருத்துவமனையில், குமிழியைக் கரைக்கும் அழுத்த அறையில் கிடந்தார்.

அலுவலகக் கணினியில் முதல் முறை எடுத்த படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். புள்ளிகளுக்கு நடுவே ஏழு இலக்கமும் பளிச்சென்று இருந்தன. அறிக்கையில் அதைத்தான் வைத்தேன். மேலாளர் தட்டிக்கொடுத்தார். மூன்றாவது முறை இறக்கியதே வீண் என்பதை மறைத்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்துத்தான் அண்ணன் வீட்டுக்குப் போய், அன்றே யாரும் கேட்கவில்லை என்பதையும் முதல் படத்திலேயே எண் இருந்ததையும் சொன்னேன். அண்ணி கேட்டார்: "இதச் சொல்ல எட்டு மாசமாப்பா?"

"படம் இருக்கா?" என்றார் அண்ணன். கைப்பேசியில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"பாத்தியா, கை ஆடவே இல்ல" என்று அண்ணியிடம் நீட்டினார். அண்ணி வாங்காமல் உள்ளே போய்விட்டார். அண்ணன் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம்.

இனி ஆழம் போகவே கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது அண்ணன் படகுத்துறைக் கொட்டகையில் ஸ்டூலில் உட்கார்ந்து, மற்றவர்கள் முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கும் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புகிறார்.