கொடியில் காய்ந்த சட்டை

நான் படத்தில் பேசிய கதை உங்களுக்கு எதற்கு? வீட்டில் வேலை இல்லையா? சரி, கேட்டுத் தொலையுங்கள்.

பேத்தி பிளஸ் டூவில் மீடியா பாடம் படிக்கிறாள். மார்க்குக்காகப் படம் எடுக்கவேண்டும் என்று வாசலில் என்னை உட்காரவைத்து, பக்கத்துக் கம்பெனியிலிருந்து வரும் நாற்றத்தைப் பற்றிப் பேசச் சொன்னாள்.

"அந்த மொதலாளிய எங்கூட்ல குந்தவெச்சி சோறு போடுங்க. எறங்குதான்னு பாப்போம்," என்றேன்.

செல்போனில் போட்டுப் பார்த்துச் சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஆயா, நீ பேசிக்கினு இருக்கறத வுடு. பின்னாடி பாரு."

பின்னால் கொடியில் என் மகனின் யூனிபார்ம் சட்டை, கம்பெனி பெயரோடு. அதே கம்பெனியில்தான் அவனுக்குக் கான்ட்ராக்ட் வேலை. படத்தைப் பார்த்தால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

"அழிச்சிடுடி."

"அழிச்சிட்டா? வேற யாரும் பேச மாட்றாங்க ஆயா."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், கொடியையே சுற்றிவந்தேன். கடைசியில் சட்டையை உள்ளே வீசிவிட்டு, கொடியில் என் புடவையை விரித்தேன்.

"இப்ப எட்றி. எந்தக் கெழவி யாரு அம்மான்னு அந்த மொதலாளிக்கு இன்னா தெரியும்?"

மறுபடியும் அதையே பேசினேன். வாய் பேசியது, கண் கொடியிலேயே இருந்தது. இத்தனை வருஷம் டிவியில் பேசுகிறவர் வாயை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

என்ன பேசினாய் என்று கேட்ட அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சொன்னேன்: "பேசுனத வுடுங்கடி. இனிமே டிவில எவனாவது பேசுனா, பின்னாடி இருந்து இன்னாத்த எடுத்துட்டு அவன பேச வெச்சாங்கன்னு பாருங்க."