வாசலோர பெஞ்சு

எனக்கு வயசு அறுபத்தெட்டு. பெத்தது ஒன்பது, வளர்த்து ஆளாக்கினது ஏழு. அதுல ஒருத்தருக்கும் நான் ரேங்க் போட்டதில்லை. போட்டிருந்தா என் மூத்த மகன் எந்த பெஞ்சுல உட்கார்ந்திருப்பான்னு... சரி விடுங்க, வாராவாரம் பத்திரிகையில வர்ற இந்தப் பக்கத்தை அவனும் படிக்கிறான்.

போன வாரம் அவன் மகள் மங்கை மார்க் கார்டு கொண்டு வந்தா. நம்ம ஊர்ல பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நம்ம கொடி ஏறுற வரைக்கும் பிரெஞ்சுல படிச்சா, முதல் பெஞ்சு. இப்ப பாடமெல்லாம் இங்கிலீஷ். மாசாமாசம் மார்க்குப்படிதான் உட்கார வைக்கிறாங்க. முதல் மார்க்குக்காரி வாத்தியார் மேஜையோரம், கடைசி மார்க்குக்காரி வாசலோரம். மங்கை இப்ப வாசலோரம். தெருவுல போற மாடு எட்டிப் பார்த்துட்டுப் போகுதாம். மாட்டுக்கு ரேங்க் தெரியுமா? வாத்தியாருக்குத்தான் தெரியும்.

அங்கே போனதிலேர்ந்து பொண்ணு கிளாஸ்ல வாயைத் திறக்கறதில்லை. கேள்வி கேட்டா எழுந்து நிக்கிறதோட சரி.

என் மகன் கார்டை வாங்கினான். அந்தக் காலத்துப் பிரெவேங்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் பரீட்சை பாஸ் பண்ணி, இதுவரைக்கும் பிரெஞ்சுலயே ஆபீஸ் வேலை பார்த்தவன். கார்டைத் தூரத்துல பிடிச்சான், கிட்டத்துல பிடிச்சான்.

"கீழே வாத்தியார் என்னமோ எழுதியிருக்காரே, என்னது?"

மங்கை வாங்கிப் பார்த்தா. "'வெரி டல்'னு போட்டிருக்குப்பா."

"அப்படின்னா?"

"ரொம்ப மந்தம்."

'நல்ல பொண்ணு'ன்னு போட்டிருக்குன்னு சொல்லியிருந்தா இவனுக்கு என்ன தெரியப் போகுது? சொல்லலை.

"படிச்சது போதும். நாளையிலேர்ந்து வீட்டோட இரு"ன்னான்.

நான் அரிசி புடைச்சுக்கிட்டிருந்தேன். முறத்தைக் கீழே வச்சேன்.

"ஏன்டா, உனக்குப் படிக்க வராததை அவதானே படிச்சுச் சொன்னா? இதுல யாருடா மந்தம்?"

"நீங்க சும்மா இருங்கம்மா. உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவதான். நாளைக்கு உங்க ஆபீசுல இங்கிலீஷ் மார்க்குப்படி நாற்காலி போட்டா, உன் நாற்காலி எங்கே கிடக்கும்? அதை மட்டும் சொல்லு."

அவன் பேனாவை எடுத்து கார்டுல கையெழுத்துப் போட்டான் — பிரெஞ்சுல.

மறுநாள் மங்கை பள்ளிக்கூடம் போனா. அதே வாசலோரம்தான், அதே மாடுதான். ஆனா இப்ப சாயங்காலமானா அப்பனும் மகளும் ஒரே இங்கிலீஷ் புஸ்தகத்தை வச்சுக்கிட்டு உட்கார்றாங்க. அவன் தப்பாச் சொன்னா அவ திருத்துறா. அவனுக்கு ஒரு தடவை சொன்னா ஏறுறதில்லை. மூணு தடவை சொல்றா. கார்டுல ஒண்ணும் எழுதி வைக்கிறதில்லை.

மங்கை, இங்கே வா. நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைச் சத்தமாப் படி, கேட்போம். 'மந்தம்'ங்கிற இடம் வந்தா குரலைக் குறைக்காதே... உங்கப்பன் உள்ளேதான் இருக்கான்.