அயர்லாந்து வீட்டு முந்திரிக்கொத்து

இன்று காலை எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகையில் நான் செய்த முந்திரிக்கொத்து ஏலம் போனது.

என் பெயரில் அல்ல.

தெரியாதவர்களுக்காக: ஊர், பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் இடையில். மனைவி ஷீபா அயர்லாந்தில் நர்ஸ். நான் எம்.ஏ. எகனாமிக்ஸ். தனுவச்சபுரத்தில் ஒரு பாரலல் காலேஜில், அதாவது டுட்டோரியலில், வகுப்பெடுக்கிறேன். பகலில் 'உலகமயமாக்கலும் பெண்களின் நிலையும்' என்று நோட்ஸ் கொடுத்துவிட்டு, மாலையில் வந்து மகளின் யூனிபார்மைத் துவைப்பேன். (இரண்டும் ஒரே பாடம்தான்.)

பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது கொடுக்க வேண்டும். வாழைக்குலை, சேனை, சேவல், பலகாரம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம்.

எங்கள் வீட்டிலிருந்து எப்போதும் முந்திரிக்கொத்து.

ஷீபா போன பிறகு கடையில் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் பெண்கள் சங்கத் தலைவி தங்கம் அக்கா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இது பேக்கரிச் சாதனமாக்கும்" என்றார். போதகருக்குக் கேட்கும்படி!

அதை நான் மறக்கவில்லை. (எதையுமே மறப்பதில்லை.)

எனவே இந்த முறை நானே செய்தேன்.

சிறுபயறை வறுத்து, இடித்து, சர்க்கரைப் பாகு காய்ச்சி, உருட்டி, மாவில் முக்கி எண்ணெயில் போட்டேன். உருண்டைகள் கரைந்து சட்டி முழுவதும் பரவின. ஷீபாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"பாகு கம்பிப் பதம் வந்துதா?"

"வந்துது."

"வரல்ல. வந்துருந்தா நீங்க எனக்கு விளிச்சிருக்க மாட்டிய."

இரண்டாம் தடவை சரியாக வந்தது. மூன்று மூன்றாக ஒட்டி, பொன்னிறத்தில். மகள் அனு ஒரு கொத்தைத் தின்றுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. (அவள் ஒன்றும் சொல்லாதது அவார்டுக்குச் சமம்.)

எனக்கு வேறு அவார்டு கிடைத்ததில்லை. அரசு வேலை ரேங்க் லிஸ்டில் பெயர் வந்தது, லிஸ்ட் காலாவதியானது. சபைக் கமிட்டியில் பெயர் வந்தது. அடுத்த தேர்தலில் ஜஸ்டின் அதை எடுத்துவிட்டான்.

ஆகவே ஒரு சின்ன ஆசை. மைக்கில் ஒரே ஒருமுறை என் பெயர்.

ஜஸ்டின் சபைச் செயலாளர். ஏலம் விளிப்பதும் அவன்தான். என்னோடு காலேஜில் படித்தவன். (பரீட்சையில் என் பேப்பரைப் பார்த்து எழுதியவன். எனக்கு செகண்ட் கிளாஸ், அவனுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ்.)

பாத்திரத்தை மேசையில் வைத்தேன்.

"லே ஜஸ்டினே, இது நான் செஞ்சதாக்கும். எனக்க பேரச் சொல்லி விளிக்கணும்."

"எலே, ஒனக்கு கிறுக்கா? 'அயர்லாந்து ஷீபா'ன்னு சொன்னா ஏலம் ஏறும். ஒனக்க பேரச் சொன்னா எவன் எடுப்பான்? சபைக்கு நட்டமில்லியா மக்கா?"

"செஞ்ச ஆளுக்க பேரச் சொல்லணும்லே."

"வாழக்கொல வந்தா வாழ மரத்துக்க பேரயா சொல்லியேன்?"

பக்கத்தில் நின்ற தங்கம் அக்கா விடவில்லை. "மாஸ்டருக்கு பெண்கள் சங்கத்துல மெம்பர்ஷிப் வேணுமாயிருக்கும். வியாழக்கெழம கூட்டம் உண்டு, வாரும்."

சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்றார்.

"கொள்ளாம், நல்ல ருசி. உள்ளதச் சொல்லும், இது ஆரு செஞ்சா?"

"நான்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னொன்று எடுத்தார்.

ஏலம் தொடங்கியது. வாழைக்குலை போனது. சேனை போனது. பிறகு மைக்கில் ஜஸ்டின்:

"அடுத்தது, அயர்லாந்து சகோதரி ஷீபா குடுத்த முந்திரிக்கொத்து!"

கைகள் உயர்ந்தன. ஏதோ டப்ளினிலிருந்து கூரியரில் வந்ததைப் போல.

எழுந்து நின்றேன். "அது நான் செஞ்சதாக்கும்!"

முற்றமே என்னைத் திரும்பிப் பார்த்தது. காலில் கயிறு கட்டி வைத்திருந்த ஏலச் சேவல் கூவியது. (இயேசுவை மறுதலித்த பேதுருவுக்குப் பிறகு எனக்குத்தான் அவ்வளவு பொருத்தமாகக் கூவியிருக்கிறது.)

ஜஸ்டின் தொண்டையைச் செருமினான்.

"ஒரு திருத்தம் உண்டு. அயர்லாந்து ஷீபாவுக்க மாப்பிள செஞ்ச முந்திரிக்கொத்து!"

கைதட்டல்! ஏலம் இன்னும் ஏறியது. கடைசியில் தங்கம் அக்காவே எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஷீபாவை அழைத்தேன். அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்திருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி நியாயம் கேட்டேன்.

"நீங்க மஸ்கட்டுல இருந்தப்போ ஏலத்துல எப்படி விளிச்சாங்கன்னு அறியுமா?"

அறியாது. மஸ்கட்டில் ஒரு கம்பெனிக்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்த வருடங்களில் நான் எந்த ஏலத்திலும் இருந்ததில்லை.

"மஸ்கட் சகோதரன்னு ஒங்க பேரச் சொல்லியாக்கும் விளிப்பாங்க. அடுப்புக்க முன்ன நின்னது நான். ஒருக்க இன்னைக்கு நீங்க செஞ்ச மாதிரி நானும் எழும்பி நின்னேன்."

"பின்ன?"

"கீழ இருன்னு சொன்னாங்க. இருந்தேன்."

"திருத்தம் ஒண்ணும் சொல்லல்லியா?"

"எனக்கு ஆரு திருத்தம் சொல்லுவா? ஒங்களுக்கு அதுவாவது கிட்டிச்சில்லியா. அது போவட்டு, கொத்து உதிராம இருந்துதா?"

உதிரவில்லை என்றேன்.

என் நோட்ஸில் ஒரு பத்தியை மாற்ற வேண்டியிருக்கிறது. எங்கள் சபை ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. பிளேன் ஏறியது யார் என்றுதான் பார்க்கிறது. ஊரில் மிஞ்சியவர் எழுந்து நின்றால் மட்டும், ஆணா பெண்ணா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறது.

மைக் என்னிடம் இல்லை. இந்த முகநூல் பக்கம் இருக்கிறது. ஆகவே ஒரு திருத்தம்:

மஸ்கட் காலத்து முந்திரிக்கொத்து அத்தனையும் செய்தவர்: ஷீபா.

இந்த வருட முந்திரிக்கொத்து செய்தவர்: ராபின்சன், எம்.ஏ.

யாராவது ஜஸ்டினை டேக் செய்யுங்கள். என்னை அவன் பிளாக் செய்து வைத்திருக்கிறான்.