தகடு முதலில், தாள் பிறகு

வாய் திறக்காத இரவீந்திரனோடு, எங்கள் ரவி அண்ணையோடு, பதினொரு வருடம் கூரையில் வேலை செய்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குக் கோப்பியைக் குடித்துவிட்டு ஏணியில் ஏறினால், மத்தியானம் பாண் சாப்பிட இறங்கும்வரை அவரிடமிருந்து வருவது ஒரே ஒரு வசனம்தான்: "தகடு முதலிலை, தாள் பிறகு." புதிதாக வருகிற எல்லோருக்கும் அதைச் சொல்வார். எனக்கும் சொன்னார். கேட்டுக் கேட்டு எரிச்சல்தான் வரும். ஆனால் சொன்னதில் பிழையில்லை.

கூரைப் பலகையின் கீழ் விளிம்பில், மழைத்தண்ணீர் ஓடும் பீலிக்கு மேலே, வளைத்த தகடு ஒன்றை அடிப்போம். அதன் மேல் ஏறி வரும்படி தார்த்தாளை விரிப்போம். தாளுக்கு மேல்தான் ஓடு போலப் பதிக்கும் தார்ச் சிங்கிள். எங்கேயாவது ஒரு துளி உள்ளே போனாலும் தாளில் வழிந்து, தகட்டில் இறங்கி, பீலிக்குள் விழுந்துவிடும். தகட்டைத் தாளுக்கு மேலே அடித்தால் அதே துளி தகட்டுக்கு அடியால் பலகைக்குள் போகும். இதைப் புரிந்துகொள்ள ஒரு படிப்பும் வேண்டாம்.

ரவி அண்ணை வடமராட்சியிலிருந்து வந்தவர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்த அவரை வளர்த்ததும், நோர்வேக்குக் கூப்பிட்டதும் அக்கா ராசமலர். முதலில் வடக்கே மீன் தொழிற்சாலை, பிறகு ஒஸ்லோவில் கூரை வேலை. செய்த கலியாணம் நாலு வருடத்தில் முறிந்தது. அங்கேயே வெஸ்ட்லியில் ஏழாம் மாடியில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில் சாப்பாடு, அத்தான் தயாபரனோடு அரட்டை, அக்கா மகள் டிலக்சிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது. அந்த ஒரு நாளுக்காகத்தான் மனிதர் மற்ற ஆறு நாளும் ஏணி ஏறினார் என்று நினைக்கிறேன்.

அக்கா குடும்பம் பியோர்ண்டாலில் ஒரு பழைய மர வீட்டை வாங்கியது. கூரை ஒழுகியது. "நான் போட்டுத் தாறன்" என்றார் ரவி அண்ணை. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பழைய கூரையைக் கழற்றி எறிந்த அன்றே மழை பிடித்தது. நவம்பர் கடைசி மழையைப் பற்றி ஒஸ்லோவில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே இழுத்துக் கட்டிய தறப்பாளுக்கு அடியாலும் தண்ணீர் வந்தது. ஓடர் பண்ணிய தகடு வந்து சேரவில்லை. இன்னும் நனையாமல் இருக்கட்டும் என்று தாளை மட்டும் விரித்து ஆணி அடித்தோம். தகடு வந்ததும் தாளைக் கழற்றி, பலகையைக் காயவிட்டு, முறைப்படி செய்யலாம் என்பது திட்டம்.

தகடு இரண்டு கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமை வந்தது. புது வீட்டுக் குடிபூரலுக்கு ஐயர் வைத்துக் கொடுத்த நாள் ஞாயிறு. அதை விட்டால் மார்கழி பிறந்துவிடும், பிறகு தை மாதம்தான். எனக்கு இந்த நாள் பார்க்கிற வேலையே பிடிக்காது. பஞ்சாங்கத்தில் எல்லாம் போட்டிருக்கும், பலகை எப்போது காயும் என்று மட்டும் போட்டிருக்காது.

அக்கா குடையோடு முற்றத்தில் நின்றார். ரவி அண்ணை மேலேயிருந்து சொன்னார்: "அக்கா, பலகை சரியான ஈரம். தாளைத் திருப்பிக் கழற்றோணும். ரண்டு கிழமை தாங்கோ."

"நூற்றியிருபது பேருக்குச் சொல்லியாச்சு தம்பி. இருந்த வீட்டுச் சாவியும் குடுத்தாச்சு. மார்கழியிலை ஆரும் குடிபூருவினமோ? உன்னாலை ஏலாதோ?"

அக்கா அப்படிக் கேட்டால் அவரால் இல்லை என்று சொல்ல முடியாது. ஈரப் பலகையில் கிடந்த தாளுக்கு மேலேயே தகட்டை வைத்து ஆணி அடித்தார். சனி பின்னேரத்துக்குள் சிங்கிளும் போட்டு முடித்தோம். "வெயில் காலத்திலை விளிம்பைக் கழற்றி ஒழுங்காப் போடுவம்" என்றார். நான் "ஓம்" என்றேன். எனக்குக் கால் விறைத்துப்போயிருந்தது, எப்படா வீட்டுக்குப் போவோம் என்றிருந்தது. அதை மறைத்து என்ன செய்ய?

ஞாயிறு பால் பொங்கியது. ஓமப் புகைக்குக் கத்தும் என்று தயாபரன் அத்தான் அலாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். வந்தவர்கள் கூரையைப் புகழ்ந்தார்கள். வெயில் காலம் வந்தது. உள்ளே ஒழுகவில்லை, வெளியே வேலை நெருக்கியது, விளிம்பைக் கழற்றவில்லை. அடுத்த வெயில் காலமும் அப்படியே போனது.

மூன்றாவது பனிக்காலம், பெப்ரவரி. கூரை விளிம்பில் முழங்கால் அளவு பனி. அத்தான் அதைத் தள்ள ஏணியைச் சாத்தி ஏறினார். ஏணியும் விளிம்பும் அவரோடு சேர்ந்து வந்தன. கல்லுப் படியில் தலை அடிபட்டு, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார். ஏணி பனிக்கட்டியில் வழுக்கிவிட்டது என்றுதான் எல்லோரும் கதைத்தார்கள்.

மே மாதம், பிய்ந்து தொங்கிய விளிம்பைச் சரிசெய்ய ரவி அண்ணையும் நானும் போனோம். அவர் தகட்டைத் தூக்கினார். ஆணிகள் கையோடு வந்தன. அடியில் பலகை கறுத்து, நனைந்த பாண் போல விரலுக்குள் பிய்ந்தது. ரவி அண்ணை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இதைக் குப்பைப் பையுக்கை போட்டுக் கட்டுவம். ஒருத்தருக்கும் தெரியவராது" என்றேன். சொன்னது நான்தான், வேறு யாருமில்லை.

அவர் கேட்கவில்லை. ஒரு துண்டுப் பலகையை எடுத்துக்கொண்டு, அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் போய் மேசையில் வைத்தார். நான் வாசலில் நின்றேன்.

"அக்கா, ஏணி வழுக்கேல்லை. பலகை உக்கிப்போச்சு. நான் தகட்டைப் பிழையா அடிச்சதாலை."

அக்கா பலகையைத் தொட்டுப் பார்த்தார். அழவில்லை.

"அந்த நாளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான்" என்றார். "அது சாகும்வரை எனக்கு இருக்கும். ஆனா எனக்குக் கூரை தெரியாது தம்பி. உனக்குத் தெரியும். ஏலாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"ஓம் அக்கா."

"பிள்ளைக்கு நான் சொல்லமாட்டன். அவளுக்கு நீ மாமாவாவே இரு. ஆனா உன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு என்னாலை சோறு போடேலாது. இந்த வேலையை முடிச்சிட்டுப் போ. இனி வராதை."

ரவி அண்ணை திரும்பி வந்து ஏணியில் ஏறினார். பின்னேரம்வரை ஒரு ஆணிகூடப் பிசகாமல் அடித்தார்.

மூன்றரை மணிபோல டிலக்சி பள்ளிக்கூடப் பையோடு வந்து ஏணியடியில் நின்றாள்.

"மாமா, திங்கக்கிழமை கணக்குச் சோதினை. ஞாயிறு வரேக்கை சொல்லித் தருவீங்களோ?"

குசினி யன்னலில் அக்கா நின்றார். ரவி அண்ணை அங்கே பார்த்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேலை இருக்கு பிள்ளை."

"ஞாயிற்றுக்கிழமையுமோ?"

"ஓம்" என்றார். "இனி எல்லா ஞாயிறும் வேலைதான்."