சைக்கிள் மட்டும் நிற்கும் படங்கள்

சண்முகசுந்தரிக்கு சைக்கிள் பழக்கம் ஸ்வாதியால் வந்தது. தென்காசியில் ஒரு கண் மருத்துவமனையின் கண்ணாடிப் பிரிவில் இருவரும் வேலை பார்த்தார்கள். விடிந்ததும் கிளம்பி, குற்றாலம் தாண்டிப் பழைய அருவி வரை மிதித்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். சைக்கிளுக்கென்று தமிழில் ஒரு பத்திரிகை போட்டால் என்ன என்று கேட்டவளும் ஸ்வாதிதான். ‘மேல்காற்று’ என்று பேர்கூட வைத்தாள். பிறகு அவளுக்குக் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். கொஞ்ச காலம் போனில் பேசினார்கள். அப்புறம் அதுவும் குறைந்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துப் படம் வருவதோடு நின்றுபோனது.

சண்முகசுந்தரி தனியாளானாள். அம்மா இல்லை, அண்ணன் ராணுவத்தில், வடக்கே எங்கோ. கல்யாணமாகாத நாற்பது வயதுக்காரி டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவதைத் தெரு முதலில் பேசியது, பிறகு பேசுவதையும் விட்டுவிட்டது. பேசாமல் விட்டதுதான் அவளுக்கு அதிகமாக உறைத்தது. யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் எழுத ஆரம்பித்தாள். அச்சன்புதூர் வயல்களுக்கு நடுவே போகிற சாலை, இலத்தூர்ப் பக்கம் பஞ்சராகி நின்ற நாள், ஆடியில் கணவாய் வழியே வந்து ஆளைப் பின்னுக்குத் தள்ளுகிற காற்று. எழுதியது சேர்ந்ததும் பாண்டிராஜின் அச்சகத்துக்கு எடுத்துப் போனாள்.

பாண்டிராஜ் அவளைவிட இளையவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று ஓயாத வேலை அவனுக்கு. சைக்கிள் பத்திரிகை என்றதும் விளங்கவில்லை.

“கம்பெனி வெளம்பரமாக்கா?”

“இல்ல. வாசிக்கதுக்கு.”

“யாரு வாசிப்பா?”

“தெரியல தம்பி.”

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

கம்ப்யூட்டரில் பக்கங்களை அடுக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்கிற புத்தகத்தில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் வரும். எல்லாவற்றையும் வைத்த பிறகும் ஒரு பக்கம் காலியாக நின்றது. பத்திரிகைப் பேச்சை எடுத்த நாளில் ஸ்வாதி எழுதித் தருவதாகச் சொல்லியிருந்த பக்கம் அது.

“ஒங்க படம் ஒண்ணு போட்டுருவமாக்கா?” என்று அவள் கொண்டுவந்த படங்களைத் திரையில் தள்ளித் தள்ளிப் பார்த்தான் பாண்டிராஜ். பாலத்துச் சுவரில் சாய்ந்த சைக்கிள். பனையில் சாய்ந்த சைக்கிள். அருவிக்கரைப் பழக்கடை முன்னால் சைக்கிள்.

“என்னக்கா, எல்லாத்துலயும் சைக்கிள் மட்டும் நிக்குது. ஓட்டுத ஆள எங்க?”

“எடுக்க ஒரு ஆளு வேணும்லா” என்றாள். சொல்லிவிட்டுத் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கவனிக்காததுபோல் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அந்தப் பக்கத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு விடிகாலையில் பழைய பேருந்து நிலையம் முன்னால் கூடுவோம், குற்றாலம் போய் வருவோம், எந்த சைக்கிளானாலும் சரி, யாரும் வரலாம்.

இதழ் வந்தது. சைக்கிள் கடைகளிலும் டீக்கடைகளிலும் வைத்தாள். கடையநல்லூர் வரை கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்த ஞாயிறு சாரல் அடித்தது. அவள் முன்னதாகவே போய் நின்றாள். வெளியூர்க் கூட்டம் வேன் வேனாக அருவிக்குப் போய்க்கொண்டிருந்தது. பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தியபோது அவள் மனம் துள்ளியது. அவர் கழன்ற செயினை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

“யாருக்கும் காத்திருக்கியளா?” என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

“இல்ல அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தாள். பழைய அருவி வரை தனியாகத்தான் போனாள். வழியில் எங்கும் நிற்கவில்லை.

மறுநாள் மிச்சப் பிரதிகளை வாங்க அச்சகத்துக்குப் போனாள்.

“எத்தன பேருக்கா வந்தாவ?”

“ஒருத்தரும் வரல.”

பாண்டிராஜ் கையிலிருந்த மை துடைக்கும் துணியைக் கீழே வைத்தான். “நானாவது வந்திருப்பேன். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுக்கா. வெளிய சொன்னா சிரிப்பாவ.”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அடுத்த புக்குக்கு எப்பக்கா எழுதித் தருதிய?”

“யாருக்குன்னு எழுத?”

“நான் வாசிக்கேம்லா! அச்சுக்குப் பிளேட் போடும்போது ஒருக்க, மடிக்கும்போது ஒருக்க, வீட்டுக்குக் கொண்டுபோயி ஒருக்க.”

அவள் மிச்சப் பிரதிகளைச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டினாள். வீட்டுக்குப் போய், பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டாள். உலையை வைத்துவிட்டு, மலையடிவாரத்து மேக்கரைப் பாதையைப் பற்றி எழுத உட்கார்ந்தாள்.